ஜனவரி 30 அன்று உறுதிமொழி வாசிக்க நான் வரமாட்டேன்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வரும் ஜனவரி 30 அன்று எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி ஏற்பைப் பெரிய விழாவாக நடத்தப் போவதாக வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் நான் மேடையேறி வரிவரியாக வாசிக்க வேண்டுமாம். இரண்டு தெரு மக்களும் மாணவர்களும் அதிகாரிகளும் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வார்களாம். பந்தல் உண்டு, சமபந்தி விருந்து உண்டு, மேலே பறந்து படம் பிடிக்க டிரோனும் உண்டு. தாங்களே தலைமை ஏற்கிறீர்கள் என்றார்கள்.

நான் வாசிக்கப் போவதில்லை. வந்த உதவியாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். அப்படிச் செய்தால் "டீச்சருக்கு உடம்பு முடியலை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வேறொருவரை மேடையேற்றுவார்கள். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. காரணம் வேறு. அது தங்களுக்கு மட்டுமல்ல, அன்றைக்குக் கை நீட்டப் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போக இரண்டு வழிகள். ஒன்று, ஊர்த்தெருவின் கொல்லைப் பக்கமாகச் சுற்றி, மேட்டிலேயே போய்ச் சேரும் வண்டிப்பாதை. கிராமக் கணக்கில் அது பாதைப் புறம்போக்கு. புல வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. இன்னொன்று, ஓடையில் இறங்கி ஏறி வரப்பு வழியாகப் போவது. ஊர்த்தெருக்காரர்கள் முதல் வழியில் டிராக்டர் ஓட்டுகிறார்கள், வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள். எங்கள் பிணம் மட்டும் அதில் போகக் கூடாது. எனவே காலங்காலமாக எங்களுக்கு இரண்டாவது வழிதான். பங்குனி, சித்திரையில் சாகிறவர்கள் எங்கள் தெருவில் கொடுத்து வைத்தவர்கள்.

2022 ஐப்பசியில் என் சின்னம்மா இறந்தார். விடாத மழை, ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். எங்கள் பையன்கள் வண்டிப்பாதையில்தான் போவது என்று முடிவு செய்தார்கள். பாதை முகப்பில் முள்ளை வெட்டிப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு ஆட்கள் நின்றார்கள். பாடையைத் தார்ச்சாலையில் இறக்கி வைத்தோம். இரண்டு பக்கமும் பேருந்துகள் நின்றன. அதன் பிறகுதான் வட்டாட்சியரும் காவல் துறையினரும் வந்தார்கள்.

ஊராட்சி அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. கரண்ட் இல்லை. தட்டச்சு செய்ய வழியில்லாததால் வட்டாட்சியர் சொல்லச் சொல்ல நான்தான் வெள்ளைத் தாளில் எழுதினேன். ஆகவே அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பத்து நாட்களுக்குள் பாதை அளக்கப்பட்டு எல்லைக்கல் நடப்படும். மூன்று மாதத்துக்குள் ஆக்கிரமிப்பு அகற்றப்படும். அதுவரையிலும் அதற்குப் பிறகும் அந்தப் பாதையில் சவம் எடுத்துச் செல்வதை யாரும் தடுக்கக் கூடாது. இவை அரசுத் தரப்பும் ஊர்த்தெருத் தரப்பும் கொடுத்த வாக்கு. எங்கள் தரப்பிலிருந்து கேட்டது இரண்டு: மறியலை உடனே கைவிட வேண்டும், சவத்தைத் தடுத்தது தொடர்பாகக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரை வற்புறுத்தக் கூடாது. வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். காவல் ஆய்வாளர் கையெழுத்திட்டார். இரு தெருவிலிருந்தும் பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள்.

எங்கள் பங்கை அந்த மழையிலேயே நிறைவேற்றிவிட்டோம். சாலை திறந்தது, பேருந்துகள் போயின, புகார் அதோடு நின்றது. போலீஸ் காவலுடன் சின்னம்மா வண்டிப்பாதையில் போனார். எங்கள் தெருவிலிருந்து அந்த வழியில் போன கடைசி ஆள் அவர்தான்.

நில அளவர் வந்தார், அளந்தார், கல் நட்டார். அடுத்த வாரமே கல்லைக் காணோம். அந்த வட்டாட்சியர் பொங்கலுக்கு முன்பே மாறுதலாகிப் போனார். அடுத்து வந்தவர் கோப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அவரும் போனார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்த மனுக்களுக்கு "நில அளவைக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது", "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதில்கள் வந்தன. மனு எந்த அலுவலரைப் பற்றியதோ அவரேதான் அந்த 'உரிய அலுவலர்' என்று எங்கள் தெருப் பையன்களுக்கே இப்போது புரிந்துவிட்டது. சென்ற கார்த்திகையில் ஒரு சின்ன வயதுப் பையனைப் பாடையில் வைத்து, தண்ணீர் படாமல் இருக்க நாலு பேர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஓடையைக் கடந்தார்கள். அதன் பிறகு இப்போதைய வட்டாட்சியரைப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்த நகலை நீட்டினேன். படித்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இது அவர் குடுத்த வாக்கு. எங்கிட்ட சார்ஜ் குடுக்கும்போது இந்த ஃபைல் வரலை. நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

ஆட்சியர் அவர்களே, இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான். பாதை ஒரு மழைக்காலம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாங்கள். வாக்குக்கு ஆளே இல்லை என்று சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கு எங்களிடம் வாக்குக் கொடுத்தது யார்? அந்த மனிதர் நல்லவர்தான், மழையில் நனைந்துகொண்டு எங்களோடு நின்றார். ஆனால் அவர் தனி ஆளாக வந்து சொல்லியிருந்தால் பாடையை எடுத்திருப்போமா? அவர் பேரைக்கூட அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஜீப்பையும் முத்திரையையும் பார்த்துத்தான் நம்பினோம். புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர் வீட்டை மாற்றிக்கொண்டு போனால் கடன் தீர்ந்துவிடுமா? அலுவலகம் இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. அதே முத்திரைதான் இன்றும் சாதிச் சான்றிதழில் விழுகிறது. முந்தைய வட்டாட்சியர் கொடுத்த பட்டா செல்லும், வாரிசுச் சான்று செல்லும், அவர் போட்ட அபராதமும் செல்லும். அவர் எழுதிக் கொடுத்த வாக்கு மட்டும் அவரோடு லாரியில் ஏறிப் போய்விட்டது என்றால் எப்படி?

அரசாங்கம் குடிமக்களின் வாக்கை எப்படி நடத்துகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் சாட்சிக் கூண்டில் ஏறினால், 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி அவரிடம் உண்மை பேசுவதாக உறுதி வாங்குகிறார்கள். பிறகு அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபணமானால் ஏழு ஆண்டுகள் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 193-ஆவது பிரிவாக இருந்தது, புதிய நியாய சன்ஹிதாவில் 229-ஆகத் தொடர்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண்ணின் வாக்குக்கு இவ்வளவு கனம் வைத்திருக்கிற அரசு, முத்திரை வைத்த தன் வாக்குக்கு எந்தக் கனமும் வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தைக்கு 'அமைதி' என்று பெயர் வைத்ததே எனக்கு நெருடல். சுடுகாட்டையும் அதற்குப் போகும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சுடுகாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குற்றம் நடந்தால் வழக்குப் பதிய வேண்டும். திருட்டுக் கொடுத்தவனையும் திருடினவனையும் எதிரெதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து யாராவது சமாதானம் பேசுகிறார்களா? எங்கள் விஷயத்தில் மட்டும் அதுதான் நடைமுறை. சட்டப்படி கிடைக்க வேண்டிய நடவடிக்கையை நிறுத்தி வைத்து, அதற்கு ஈடாகத்தான் அந்த வாக்கு எங்களுக்குத் தரப்பட்டது. சும்மா கிடைத்த வாக்கு இல்லை அது. அதை மீறும்போது பாதையும் போகிறது, வழக்கும் போகிறது.

இப்போது ஜனவரி 30-க்கு வருகிறேன்.

அந்த உறுதிமொழி எனக்கு மனப்பாடம். காலைக் கூட்டத்தில் அதை வாசித்து வாசித்து எத்தனை வகுப்புப் பிள்ளைகள் வெளியே போயிருக்கிறார்கள். அரசியலமைப்பின்படி தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை அறிவேன் என்று தொடங்கி, எவர் மீதும் தெரிந்தோ தெரியாமலோ "மனம், வாக்கு, செயல் என்ற எந்த வகையிலும்" வேற்றுமை கடைப்பிடிக்க மாட்டேன் என்று போகும். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கூட்டம் முடிந்ததும் வந்து கேட்டாள். "டீச்சர், தெரியாம செய்யறதை செய்ய மாட்டேன்னு எப்படி டீச்சர் சொல்ல முடியும்? அதான் தெரியாதே!"

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தெரியாமல்கூடச் செய்ய மாட்டேன் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், தெரிந்துகொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். யார் எந்தக் குடத்தில் தண்ணீர் எடுக்கிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எந்த வழியில் நடக்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்குப் புரிந்தது. "ஃபைல் வரலை" என்று சொல்கிற அலுவலகத்துக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அதே அலுவலகத்தின் வாசலில் ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் வரிசையாக நின்று அதே வாசகத்தைச் சொல்கிறார்கள். படம் எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது.

பள்ளிகளில் இந்த உறுதிமொழிகள் என்ன பாடுபடுகின்றன என்று தங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜனவரி 25 வாக்காளர் நாள். 30-ஆம் தேதி தீண்டாமை ஒழிப்பு, அதே நாளில் தொழுநோய் ஒழிப்பும் உண்டு. பிப்ரவரியில் கொத்தடிமை ஒழிப்பு, ஏப்ரல் 14 சமத்துவ நாள், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு, 26 போதைப்பொருள் எதிர்ப்பு, செப்டம்பர் 17 சமூக நீதி, அக்டோபர் 31 ஒற்றுமை, நவம்பர் 26 அரசியலமைப்பு. ஒவ்வொன்றுக்கும் சுற்றறிக்கை, மதியத்துக்குள் படம் அனுப்பச் சொல்லி அவசரம். படத்தில் கைகள் நேராக இல்லையென்றால் இன்னொரு முறை எடுக்கச் சொல்வதும் நடக்கும். சத்தியத்தை ரீடேக் எடுக்கும் ஒரே இடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் என்று ஆசிரியர் அறையில் சிரித்துக்கொள்வோம்.

பிள்ளைகள் இதிலிருந்து எதைக் கற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆடு காணாமல் போன வழக்கில்கூட, பொய்யாகக் கற்பூரம் அணைக்கத் துணியாமல் உண்மையை ஒப்புக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பயம்தான், மூடநம்பிக்கை என்றுகூடச் சொல்லுங்கள். ஆனால் வாயிலிருந்து வந்த சொல் தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதே ஆட்கள்தான் அந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார்கள். கல் காணாமல் போனபோது அவர்களில் ஒருவரைக் கேட்டேன். என்னிடம் படித்தவன், அதனால் ஒளிக்காமல் சொன்னான். "டீச்சர், அன்னிக்கு நாங்க கையெழுத்துப் போட்டது ரோட்டுல இருந்து பொணத்தை எடுக்கறதுக்குத்தான். தாசில்தாரும் அதுக்குத்தான் போட்டாரு. அது உங்களுக்கும் தெரியும்ல?"

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. அரசாங்கத் தாளில் எழுதுகிற வாக்கு அந்த நேரத்துக் கூட்டத்தைக் கலைப்பதற்கு மட்டுமே என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? காம்பவுண்டுக்குள் அவன் கை நீட்டிச் சொன்ன உறுதிமொழிகளும், வெளியே அவன் பார்த்த பேச்சுவார்த்தைகளும்தானே?

பாதையைப் பற்றிய வாக்கும் புதிதில்லை. எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்று சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றியது 1924-இல். நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. பூனா ஒப்பந்தத்துக்கு மறுநாள், 1932 செப்டம்பர் 25 அன்று, பம்பாயில் மதன் மோகன் மாளவியா தலைமையில் கூடிய இந்துத் தலைவர்கள், இனிமேல் பிறப்பால் யாரையும் தீண்டத்தகாதவராகக் கருத மாட்டோம், பொதுக் கிணறு, பொதுப் பள்ளி, பொதுச் சாலை எல்லாவற்றிலும் சம உரிமை உண்டு என்று உறுதி கொடுத்தார்கள். முதல் வாய்ப்பிலேயே அதைச் சட்டமாக்குவோம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இன்றைய 17-ஆவது பிரிவு அதுதான். அதை மீறுகிறவர்களைத் தண்டிக்கும் சட்டம் வர 1955 ஆனது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. பழைய வாக்கைக் காப்பாற்ற முடியாதபோது கொடுத்தவர்கள் புதிதாக ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். புதிய வாக்கு வந்தவுடன் பழையதற்குக் கணக்குக் கேட்பது ஏதோ மரியாதைக் குறைவு போல ஆகிவிடுகிறது. ஜனவரி 30 விழாவும் அப்படித்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. 2022-ஆம் ஆண்டின் தாள் நிறைவேறாமல் கிடக்கும்போது, அதன் மேல் ஒரு பந்தல் போடுகிறீர்கள்.

எங்கள் ஊர் மட்டும்தான் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. 2016 ஜனவரியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் இறந்த முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்ல உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. கடைசியில் காவல்துறையினர் தாங்களே உடலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில் போய் அடக்கம் செய்தார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி ஊரெல்லாம் பரவிய பிறகு நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. எங்கள் பையன்கள் ஓடையைக் கடந்ததை யாரும் படமெடுக்கவில்லை. எடுக்க விடவில்லை என்பதே சரி. ஒரு தாயின் எதிரில் அப்படி ஒரு படம் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

தங்கள் தரப்புச் சிரமங்களையும் நான் அறியாதவள் இல்லை. வட்டாட்சியர்கள் வெள்ள நிவாரணம், வாக்காளர் பட்டியல், முகாம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பாதையின் ஒரு துண்டு பட்டா நிலத்துக்குள் வளைந்து போகிறது, அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது என்று ஒரு வருவாய் ஆய்வாளர் சொன்னார். சரி, அந்தத் துண்டுக்கும் வழி இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 31, வீட்டுமனையோடு நிறுத்தவில்லை. சுடுகாடு, இடுகாடு, அவற்றுக்குப் போகும் பாதை என்று எழுதியே வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற தெருக்களை நினைத்துத்தான் யாரோ ஒருவர் அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும். மிச்சப் பாதை முழுக்கப் புறம்போக்கு. அதற்கு நிலமெடுப்பும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். அளந்து, கல் நட்டு, பிடுங்கினவர் மேல் நடவடிக்கை எடுத்தால் போதும்.

எனவே தங்களிடம் கேட்பவை இவை.

ஜனவரி 30-க்கு முன்பாக, 2022-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வட்டாட்சியர் அலுவலகம் கொடுத்த வாக்கு இன்றும் அந்த அலுவலகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று இப்போதைய வட்டாட்சியர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். புதிய தேதி எதையும் அதில் எழுத வேண்டாம். பழைய தேதி கடந்துவிட்டது என்பதையும், ஏன் கடந்தது என்பதையும் எழுதினால் போதும். கோப்பு கிடைக்கவில்லையென்றால் என் கையெழுத்தில் உள்ள நகல் என்னிடம் இருக்கிறது. சான்றொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புறம்போக்குப் பகுதியை உடனே மறு அளவை செய்து, இரு தெருவாரும் பார்க்க எல்லைக்கல் நட்டு, முள்ளையும் வைக்கோல் போரையும் அகற்ற வேண்டும். பட்டாத் துண்டுக்கு நிலமெடுப்புக் கருத்துருவை ஆதிதிராவிடர் நல அலுவலர் மூலம் தொடங்கி, அதன் எண்ணை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இனி அந்தப் பாதையில் சவத்தை யாராவது தடுத்தால் பேச்சுவார்த்தைக்கு அழைக்காமல் சட்டப்படி வழக்குப் பதிய வேண்டும் என்று காவல் கண்காணிப்பாளருக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி தங்கள் தலைமையில் உள்ள மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்த ஒப்பந்தம் பொருளாக வைக்கப்பட வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர்களைப் பற்றி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பேசுகிறது. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை தண்டனை உண்டு. யாரையும் உள்ளே தள்ள வேண்டும் என்பது என் ஆசை இல்லை. ஆனால் அந்தப் பிரிவு இருக்கிறது என்பதைக் குழு ஒருமுறை உரக்க வாசிக்கட்டும்.

மாவட்டத்தின் எல்லா வட்டங்களிலும் அமைதிப் பேச்சுவார்த்தைகளில் எழுதிக் கொடுத்த வாக்குகளுக்குத் தனிப் பதிவேடு தொடங்குங்கள். என்ன வாக்கு, எந்தத் தேதிக்குள், நிறைவேறியதா, இல்லையா என்ற நான்கு பத்திகள் போதும். மாறுதலாகிப் போகிறவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது கருவூலச் சாவியோடு அதையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கட்டும். அந்தந்த ஊருக்கு உரியதைக் கிராம சபையில் வாசிக்கட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, ஜனவரி 26-ஆம் தேதிக் கூட்டம் விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே வருகிறது. எங்கள் ஊரிலிருந்து தொடங்கலாம்.

கடைசியாக அந்த விழா. பாதை திறக்கும்வரை அதை எங்கள் ஊரில் நடத்த வேண்டாம். பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம், விருந்தும் வேண்டாம். சுற்றறிக்கைப்படி உறுதிமொழி எடுத்தே ஆக வேண்டும் என்றால், தாங்களும் வட்டாட்சியரும் வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் மட்டும் வந்து வண்டிப்பாதையின் முகப்பில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாசிக்க என்னைக் கூப்பிட்டால் வருகிறேன்.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், பதவிப் பெயரோடும் முத்திரையோடும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை